மரைக்கார்களின் கடற்கூட்டு

"சேர், எங்களுக்கென்று ஒரு ராஜா இருந்தாரா?" வகுப்பில் வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும். இல்லை என்றால் முகம் வாடிப்போகும். அந்த வாட்டத்தைப் போக்கத்தானோ என்னவோ, குஞ்ஞாலி மரைக்காரை ராஜா என்றே எழுதிவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு.

அவர் ராஜா அல்லர். குஞ்ஞாலி என்பது தனியொருவர் பெயருங்கூட அல்ல. கள்ளிக்கோட்டை அரசரான சாமூதிரி தமது கடற்படைத் தலைவருக்குக் கொடுத்த பட்டம். நால்வர் அதைத் தாங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவை பல மரைக்கார்க் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த மரக்கலம், சொந்தக் கணக்கு வழக்கு. சேர்த்து வைத்தது வியாபாரம், பிறகு தற்காப்பு.

வியாபாரம் பழையது. 1344இல் இபுனு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய 'பத்தாலா' நமது புத்தளந்தான் என்பதே பெரும்பாலோர் கருத்து. கரையெல்லாம் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததாக எழுதுகிறார். மலபாராரும் எதிர்க்கரைத் தமிழ்நாட்டாரும் அதைக் காசு கொடுக்காமலே ஏற்றிப்போவார்களாம். பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுப்பார்களாம். மலபாருக்கு நெல் போதாது, சோழமண்டலக் கரையிலிருந்து போகவேண்டும். இங்கிருந்து கறுவா, பாக்கு, நடுவில் முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாவின் இருகரையும் ஒரே சந்தையாக இருந்த காலம் அது.

1498இல் வந்த போர்த்துக்கேயர் இதை மறிக்கத் தொடங்கினார்கள். தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காத மரக்கலத்தைப் பிடிப்பார்கள். ஆனால் கொச்சி மரைக்கார்கள் முதலில் அவர்களுக்கே சரக்கு விற்றவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிழைப்பில் கைவைத்த பிறகே, 1520களில், பகை முற்றியது. அப்புறம் சாமூதிரியோடு சேர்ந்தார்கள். துடுப்பால் ஓடும் சிறு படகுகள். காயல், கழிமுகங்களில் ஒளிந்திருந்து பாய்ந்து தாக்கி, பெரிய கப்பல் நுழையமுடியாத ஆழங்குறைந்த நீருக்குள் திரும்பிவிடுவார்கள்.

நம்மவர் எழுதும்போது விட்டுவிடும் ஒன்றும் இருக்கிறது. முத்துக்குளித்த பரதவர் 1530களில் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் தேடி கத்தோலிக்கரானதற்கு, முஸ்லிம் வணிகரோடு அவர்களுக்கிருந்த சச்சரவும் ஒரு காரணம். கடற்கரை மக்கள் எல்லாரையும் இந்தக் கூட்டு அணைத்துக்கொள்ளவில்லை.

இலங்கையில் கோட்டை அரசன் புவனேகபாகு போர்த்துக்கேயர் பக்கம். அவன் தம்பி, சீதாவாக்கை மாயாதுன்னை, சாமூதிரியிடம் உதவி கேட்டான். 1538இல் பட்டு மரைக்கார், குஞ்ஞாலி, அலி இப்ராஹீம் ஆகியோரின் படை புறப்பட்டது. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் தங்கியிருந்தபோது மார்ட்டிம் அபொன்சோ டி சூசா வந்து அடித்தார். பெருந்தோல்வி. தலைவர்கள் தப்பினார்கள், கூட்டு கலையவில்லை. மறுவருஷம் மீண்டும் இலங்கைக்கு வந்தார்கள்.

அந்த முறை வீழ்த்தியது கடற்போர் மட்டுமல்ல. போர்த்துக்கேயர் நெருக்கியபோது, மாயாதுன்னை தனக்குத் துணை வந்த மரைக்கார்களைக் கொன்று தலைகளை அனுப்பிச் சமாதானம் செய்துகொண்டான் என்று அவர்களுடைய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அறுபது வருஷம் கழித்து அதே கதை. சாமூதிரியும் போர்த்துக்கேயரும் சேர்ந்து நான்காம் குஞ்ஞாலியின் கோட்டையை முற்றுகையிட்டார்கள். அரசரை நம்பிச் சரணடைந்தவரை அரசரே கையளித்தார். 1600இல் கோவாவில் தலை வெட்டப்பட்டது.

கடலில் இவர்கள் யாருக்கும் சளைத்தவர்களல்லர். ஆனால் நிலம் இன்னொருவருடையது. துறைமுகம், கோட்டை கட்ட இடம் எல்லாம் அரசன் தயவு. மரைக்கார்களின் பலம் பெருகினால் அவனுக்கே அச்சம். நான்காம் குஞ்ஞாலி தன்னை அரசன்போல் காட்டிக்கொண்டதுதான் சாமூதிரியைச் சினமூட்டியது என்பார்கள். ராஜா இல்லையே என்று வாடுகிற பிள்ளைக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

அதற்காகச் சாமூதிரி மரபையே பழிப்பதும் நியாயமல்ல. பொன்னானி செய்னுத்தீன் மக்தூம் 1580களில் அறபியில் எழுதிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்', முஸ்லிம்களுக்காகப் பொருளையும் படையையும் செலவிட்ட அந்த இந்து அரசர்களை நன்றியோடுதான் பேசுகிறது. நான்காம் குஞ்ஞாலியின் முடிவு அந்த நூலுக்குப் பிந்தியது.

நமது கரையில் வியாபாரம் நிற்கவில்லை. கண்டி அரசர்களுக்குப் புத்தளம் துறையாகவே இருந்தது. அதை அடைக்கத்தான் ஒல்லாந்தர் 1667இல் களப்பின் வாய்ப்புறத்தில், கற்பிட்டியில், கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடிக்க ஒன்பது வருஷம் பிடித்தது.