இடுப்புக்குள் ஒரு பீங்கான் பந்து

நம் தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அது அமரும் குழி ஒரு கிண்ணம். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அப்பந்து கிண்ணத்துக்குள் சுழல்கின்றது. இம்மூட்டு பழுதடைந்தால் செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள் என்பதை நாம் அறிவோம். பொருத்திய மூட்டும் தேயும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பயன்படுத்தினார். வழுக்கும் பொருள்தானே என்ற நம்பிக்கை. சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து போயிற்று. 1962-இல் பாலிஎதிலீனுக்கு மாறினார். உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் சேர்ந்த மூட்டு உலகெங்கும் பரவியது. அதுவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தது. 'இவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றும். ஆனால், உதிர்ந்த தூள் எங்கே போகின்றது? கண்ணுக்குத் தெரியாத அத்துகள்களை உடலின் காவல் செல்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல், அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. நாளடைவில் மூட்டைச் சுற்றியுள்ள எலும்பே கரைகின்றது. பதித்த மூட்டு ஆடத் தொடங்குகின்றது. பிறகு மறு அறுவைதான்.

தூளைக் குறைக்க வந்ததே பீங்கான். 1970-இல் பிரான்சு நாட்டின் போ நகரில் பியர் பூத்தான் என்பவர் பந்து, கிண்ணம் இரண்டையும் அலுமினாவால் செய்து பொருத்தினார். அலுமினா என்பது நாம் பாடத்தில் படிக்கும் அலுமினியம் ஆக்சைடுதான். நீலக்கல்லும் மாணிக்கமும் அடிப்படையில் அதே பொருள் என்றால் அதன் கடினத்தைச் சொல்லவும் வேண்டுமோ! மெருகேற்றிய இரு அலுமினாப் பரப்புகள் சரியாகப் பொருந்தி இயங்கினால் ஆண்டுக்குச் சில மைக்ரான்களே தேயும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இதை வீட்டில் விளக்கியபோது அம்மா ஒன்றுதான் கேட்டார்: "பீங்கான்னா உடைஞ்சிடாதாப்பா?" எழுத்தறியாத என் அம்மாவின் அக்கேள்வியோடுதான் பொறியியலார் பல்லாண்டுகள் மல்லாடினார்கள்.

உடைந்ததுண்டு. பழைய அலுமினாவில் படிக மணிகள் பெரியவை, இடையிடையே நுண்துளைகள். விரிசல் அங்கே பிறக்கும். அடுத்து வந்த சிர்கோனியா உறுதியானதுதான். ஆயினும் அதன் படிக அமைப்பு மாறக்கூடியது. மாறும்போது பருமனும் கூடும். 1998-இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் சுடும் சூளையை மாற்றியது. அச்சூளையில் வெந்த பந்துகளில் பல, நோயாளிகளின் உடலுக்குள்ளேயே நொறுங்கின. 2001-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. ஆனால், உடலுக்குள் ஏற்கெனவே போனதை எப்படித் திரும்பப் பெறுவது? நொறுங்கிய இடத்தில் உலோகப் பந்தை வைத்தாலோ, எஞ்சிய சில்லுகள் அதை அரம்போல் அராவிவிடும். ஆகவே அங்கும் பீங்கானையே நாடுகின்றனர்.

இன்று அலுமினாவுக்குள் சிறிது சிர்கோனியாவைக் கலக்கின்றார்கள். விரிசல் ஒன்று நெருங்கினால் அதன் முனையில் உள்ள சிர்கோனியா மணிகள் உருமாறிப் பருத்து, விரிசலை நெரித்து நிறுத்துகின்றன. முன்பு குறையாக இருந்த அதே மாற்றம் இங்கே காவலாகிவிட்டது!

கிண்ணம் மிகச் சாய்வாகப் பொருத்தப்பட்டால், பந்து அதன் விளிம்பில் அழுந்துகின்றது. பந்தின்மேல் பட்டையாக ஒரு தேய்வுத் தடம் விழுகின்றது. சிலருக்கு நடக்கையில் மூட்டு கீச்சிடுவதும் உண்டு. அவ்வொலியோடு வருபவருக்கு மருத்துவர் முதலில் எக்ஸ்-ரே எடுத்து, கிண்ணத்தின் சாய்வையே அளந்து பார்க்கின்றார்.