ஜாம் போத்தலும் தறப்பாளும்: துன்பத்தில் பிறந்த சொற்கள்



உங்கள் வீட்டில் மட்டுமே வழங்குகின்ற சொற்கள் சில நிச்சயம் இருக்கும். மழலை பேசிய பிள்ளை சோற்றுக்கோ தண்ணீருக்கோ வைத்த பெயர், அப்பிள்ளை வளர்ந்து ஆளான பின்னும் அடுக்களையில் புழங்கிக்கொண்டிருக்கும். வெளியாருக்கு அது விளங்காது. வீட்டாருக்கோ கேட்டதும் முகம் மலரும்.

குடும்பத்துக்குள் இப்படிச் சொல் பிறப்பதுபோலச் சமூகத்துக்குள்ளும் பிறக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ‘குழூஉக்குறி’ என்ற பெயரில் இதற்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் இதற்குக் காட்டப்படும் பழைய உதாரணங்கள். அவை பிறருக்கு விளங்காதிருக்கப் பிறந்த சொற்கள். ஆனால், எல்லோருக்கும் விளங்க வேண்டும், எல்லோரும் பிழைக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த சொற்களும் உண்டு. அவற்றைத் தேட வேண்டுமானால் வன்னிக்குத்தான் போக வேண்டும்.

செட்டிகுளத்தில் ஓர் இடம், பல பெயர்கள்

வவுனியா மாவட்டத்திலுள்ள செட்டிகுளம், குளங்களும் வயல்களும் சூழ்ந்த ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அயல் கிராமங்களில் வாழ்கின்ற பிரதேசம். 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதி நாட்களில் அங்குள்ள மெனிக் பாமுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். காட்டை வெட்டிய வெளியில் சில வாரங்களுக்குள் ஒரு கூடார நகரமே எழுந்தது.

அரசாங்கம் அதற்கு ‘நலன்புரிக் கிராமங்கள்’ என்று பெயரிட்டது. இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெரியவர்களின் பெயர்கள் வலயங்களுக்குச் சூட்டப்பட்டன. உள்ளே இருந்தவர்களுக்கு அது ‘முகாம்’. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது ‘முள்வேலி’. இடம் ஒன்றுதான், ஆனால் பெயர் வைப்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

பெயருக்குள்ளேயே செய்முறை

அங்கு வந்த மக்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். ஆனால் பல வருடங்களாகச் சேர்த்த ஒரு சொத்து அவர்களிடம் இருந்தது. அதுதான் இல்லாமையைச் சமாளிக்கும் கெட்டித்தனம்.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கில் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்துதான் கிடைத்தது. அப்போது வீட்டுக்கு வீடு ஏற்றப்பட்டதுதான் ‘ஜாம் போத்தல் விளக்கு’. காலியான ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் சிறிதளவு மண்ணெண்ணெய், நடுவே மெல்லிய திரி. போத்தலே சிமினியாகிக் காற்றைத் தடுத்தது. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறையே பரீட்சை எழுதியது.

மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டவும் பழகினார்கள். ஆனால் இயந்திரம் உயிர் பெற ஆரம்பத்தில் சில துளி பெற்றோல் வேண்டும். அதைப் பீய்ச்சுகின்ற சிறு பிளாஸ்டிக் போத்தலுக்கு வைத்த பெயர் ‘சூப்பி’! குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பியேதான். சோறு தின்னப் பழகுமுன் பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல, மண்ணெண்ணெய் குடிக்குமுன் இயந்திரத்துக்குப் பெற்றோல். தாய்மாரின் சொல் தெருவில் இறங்கிவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டதும் இக்காலத்தில்தான். ஒருவர் சுற்ற, அயலெல்லாம் கூடிச் செய்தி கேட்டது.

இவற்றைக் கண்டுபிடித்தவர் யார்? ஒருவரின் பெயரைச் சொல்ல முடியாது. ஒரு வீட்டில் செய்து பார்த்தார்கள், அடுத்த வீட்டில் திருத்தினார்கள். ‘ஜாம் போத்தல் விளக்கு’ என்று காதால் கேட்டவளுக்கு அதை எப்படிச் செய்வது என்பது பாதி விளங்கிவிடும். செய்முறையைச் சுமந்து வீடு வீடாகப் போனது அந்தச் சொல்தான்.

ஊர் திரும்பியவர்களின் முதல் வீடு ‘தறப்பாள்’. ஆங்கிலச் சொல்லை நம் நாக்குக்கு ஏற்ப வளைத்து எடுத்துக்கொண்டது அது. போர்த்துக்கேயரிடமிருந்து கதிரையும் அலுமாரியும் வந்ததும் இப்படித்தானே! மெனிக் பாமின் கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரில் வெளியேறின. தறப்பாளின் கீழ் தொடங்கிய அடுப்புகள் பின்னர் கல்வீட்டு அடுக்களைகளாயின.

ஒன்றுகூடிச் செய்தல்

கிணறு இறைக்கவும் காடு வெட்டவும் தனியாள் போதாது. அதற்கும் ஒரு சொல் இந்நாட்டில் இருந்தது: ‘சிரமதானம்’. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது என்பது பொருள். 1958இல் ஏ.ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கத்தால் பரவிய இச்சொல், இன்று பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். கென்யாவில் பாரம் இழுக்கும் தொழிலாளர்கள் எழுப்பிய ‘ஹரம்பே’ என்ற குரலை, 1963இல் சுதந்திரம் பெற்றபோது ஜோமோ கென்யாட்டா நாட்டின் சுலோகமாக்கினார். சேர்ந்து இழுப்போம் என்பதே அதன் கருத்து.

நம்முடைய முன்னோரும் சொல் ஆக்கியவர்களே. வட இந்திய முஸ்லிம்கள் ‘நமாஸ்’ என்றும் ‘ரோஸா’ என்றும் பாரசீகச் சொற்களைச் சொல்ல, நம்மவர் ‘தொழுகை’ என்றும் ‘நோன்பு’ என்றும் பழந்தமிழ்ச் சொற்களுக்குப் புதுவாழ்வு கொடுத்தார்கள்.

சுடுகின்ற சொல்

ஆனால் சகோதரிகளே, சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். அங்கே அவர்கள்மீது விழுந்த பெயர் ‘அகதி’. கதியற்றவர் என்பதல்லவா அதன் பொருள்! புத்தளத்திலேயே பிறந்து, அங்கேயே ஓதிப் படித்த பிள்ளைகளையும் அப்பெயர் விடவில்லை. பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்களை ‘புதிதாக வந்தவர்கள்’ என்ற பார்வை எதிர்கொண்டது. பிறர் ஒட்டிவிடும் சொல் மனிதனைக் கட்டிப்போடும். தானே ஆக்கிய சொல் அவனை எழுப்பி நடத்தும்.

எனவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் பிள்ளை வகுப்பிலுள்ள இன்னொரு பிள்ளையை ‘அகதி’ என்றோ ‘முகாம்’ என்றோ அழைப்பதைக் கேட்டால், சிரித்துக் கடந்துவிடாதீர்கள். அந்தச் சொல் எங்கே சுடும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, உங்கள் உம்மாவிடமோ மாமியிடமோ, அயலிலுள்ள அம்மாவிடமோ, கஷ்ட காலத்தில் புழங்கிய சொற்களைக் கேளுங்கள். சொல்லையும், அது குறித்த பொருளையும், அதைச் செய்த விதத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விளக்கு எரிந்த போத்தலை எப்போதோ எறிந்திருப்பார்கள். அதன் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.