பாகை எழுதாத கோணமானி

உங்கள் வீட்டில் ஸ்டூல் இருந்தால் அதன் கால்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை செங்குத்தாக நிற்பதில்லை. கீழே போகப் போகச் சற்று வெளியே விரிந்திருக்கும். ஆள் ஏறி நின்றாலும் கவிழாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இரண்டு கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதுச் சட்டத்தின் முனையைச் செங்கோணத்தில் அறுத்தால் என்ன ஆகும்? மேல் விளிம்பு காலில் முட்டும். கீழே இடைவெளி விழும். ஆகவே முனையைச் சாய்வாக அறுக்க வேண்டும். எவ்வளவு சாய்வாக?

ஜியாமெட்ரி பெட்டியிலுள்ள கோணமானியை எடுப்பீர்கள். ஆனால் அதன் மையப் புள்ளியை மூலையில் வைக்க முடியாது. அங்கேதான் மரம் இருக்கிறதே! உத்தேசமாக அளந்து 1 பாகை பிசகினால், 5 செ.மீ. அகலச் சட்டத்தில் ஏறக்குறைய 0.9 மி.மீ. சந்து விழும். ஸ்டூல் ஆட அது போதும்.

தச்சர் இதற்கு வைத்திருப்பது சாய்வு மட்டம். பட்டறைகளில் 'பெவல்' என்பார்கள். ஒரு மரக்கட்டை, அதில் திருகால் பிணைத்த மெல்லிய எஃகுத் தகடு. தகட்டின் நடுவே நீண்ட பிளவு உண்டு; அதனால் தகடு சுழலும், நகரவும் செய்யும். பாகைக் குறிகள் ஒன்றும் கிடையாது!

கட்டையை இருக்கைப் பலகையின் அடியில் ஒட்டி வைத்து, தகட்டைக் காலின் உட்புறத்தோடு படியவிட்டுத் திருகை இறுக்குகிறார். பிறகு கட்டையைப் புதுச் சட்டத்தின் மேல் விளிம்பில் அழுத்தி, தகட்டை ஒட்டிக் கோடு கீறுகிறார். எந்த எண்ணையும் படிக்கவில்லை. எனவே படிப்பதில் தவறும் இல்லை.

இருக்கையில் எடுத்த கோணம் சட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? இருக்கையும் சட்டமும் இணைகோடுகள்; கால் குறுக்குவெட்டி. ஒத்த கோணங்கள் சமம் என்று வகுப்பில் படித்தீர்களே, அதுதான். ஒரு கோணத்தை வேறு கோட்டின்மீது கவராயத்தால் நகலெடுக்கும் வழியை யூக்ளிட் கி.மு. 300ஐ ஒட்டிய காலத்திலேயே தம் முதல் நூலின் 23ஆம் தேற்றமாக வைத்தார். தச்சர் அதைத் திருகால் செய்கிறார்.

ஓர் எச்சரிக்கை. மறுமுனையில் கோடு கீறும்போது மட்டத்தைப் புரட்டிப் பிடிக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது நான் இதை மறந்து, அப்படியே நகர்த்திக் கீறி அறுத்துவிட்டேன். சரிவகமாக வரவேண்டிய சட்டம் இணைகரமாக வந்தது. நல்ல தேக்குத் துண்டு, அடுப்புக்குத்தான் போயிற்று.

நீங்களும் ஒன்று செய்யலாம். தடித்த அட்டையில் 15 செ.மீ. பட்டைகள் இரண்டு வெட்டுங்கள். முனையருகே துளையிட்டு, சிறு போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குங்கள். ஏதேனும் ஒரு முக்கோண அட்டையின் மூன்று கோணங்களையும் எடுத்து, ஒரே புள்ளியில் அடுத்தடுத்து வரையுங்கள். மூன்றும் சேர்ந்து நேர்கோடாக வருகிறதா? வராவிட்டால் முக்கோணத்தின்மேல் பழி போடாதீர்கள். நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.