ஜெல் நகப்பூச்சு: விற்கும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

முன்பெல்லாம் மளிகைக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் சாந்து, கண்மை, முகப்பவுடர், ஹேர்பின் இவற்றோடு நெயில் பாலீஷும் நாலைந்து நிறங்களில் இருக்கும். வாங்கியவர் பூசுவார், சற்று நேரம் கையை உதறுவார், காய்ந்துவிடும். விற்ற நமக்கும் அதோடு வேலை முடிந்தது. இப்போது அதே பெட்டியில் ஜெல் பாலீஷ் வந்து உட்கார்ந்திருக்கிறது. அழகு நிலையத்தில் ஆகும் செலவைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பெண்கள் கேட்டு வருகிறார்கள். பேன்சி சரக்கு கொண்டுவரும் விற்பனையாளரும், "ஒரு டஜன் போட்டுப் பாருங்கள்" என்கிறார்.

நாமும் அப்படித்தான் ஒரு டஜன் வாங்கிப் பாட்டில் பாட்டிலாக விற்றோம். மறுநாளே ஒரு பெண் திரும்பி வந்தார். "ராத்திரி முழுக்கக் காயவே இல்லை அண்ணே, தலையணை உறையெல்லாம் சிவப்பு" என்றார். கெட்ட சரக்கு என்று நினைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது, சரக்கில் குறையில்லை. எதை விற்கிறோம் என்று தெரியாமல் விற்றது நம் குறை.

உலர்வது வேறு, இறுகுவது வேறு

சாதாரண நெயில் பாலீஷ் என்பது நைட்ரோ செல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற திரவங்களில் கரைத்தது. காற்றுப்பட்டால் திரவம் ஆவியாகிவிடும். நிறப்படலம் நகத்தில் தங்கும்.

ஜெல் பாலீஷ் காற்றில் உலராது. அதில் இருப்பவை அக்ரிலேட் வகைப் பொருட்கள். புற ஊதா ஒளி பட்டதும் அதில் கலந்துள்ள ஒரு தூண்டுபொருள் வேலை செய்து, அவற்றைச் சங்கிலி போலப் பிணைத்துக் கெட்டியான பிளாஸ்டிக் படலமாக மாற்றிவிடும். 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சி.என்.டி. நிறுவனம் 'ஷெல்லாக்' என்ற பெயரில் வெளியிட்டபின் இவ்வகைப் பூச்சு பரவலாயிற்று. சரியாகப் போட்டால் பாத்திரம் தேய்த்தாலும் துணி துவைத்தாலும் இரண்டு வாரம் வரை நிற்கும். ஆனால் விளக்கு இல்லையென்றால் எத்தனை நாள் ஆனாலும் இறுகாது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, விளக்கு வைத்திருக்கிறாரா என்று கேட்காமல் பாட்டிலை மட்டும் விற்கக் கூடாது. இரண்டு, வெயிலிலும் புற ஊதா ஒளி உண்டு. தெருவைப் பார்த்த கண்ணாடியில் அழகுக்காக நாம் அடுக்கிய பாட்டில்கள் சில வாரங்களில் கூழாகித் தூரிகையோடு ஒட்டிக்கொண்டன. அந்த நஷ்டம் உங்களுக்கு வேண்டாம். நிழலான அலமாரியில் பெட்டியோடு வையுங்கள்.

வீட்டில் போடும் முறை

எப்படிப் போடுவது என்று கேட்பவரிடம் சொல்ல, சுருக்கமாகத் தருகிறோம்.

1. நகத்தை வெட்டிச் சீராக்கி, நகத்தை ஒட்டிய தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மேற்பளபளப்பு போகுமளவு மட்டும் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு உரியும்.

2. முதலில் பேஸ் கோட், பிறகு நிறம் இரண்டு முறை, கடைசியில் டாப் கோட். ஒவ்வொன்றும் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். நகத்தின் நுனி விளிம்பிலும் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும்.

3. ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் விளக்கில் கை வைக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கானால் பொதுவாக 30 முதல் 60 விநாடி. பழைய 36 வாட் குழல் விளக்கானால் 2 நிமிடம். கட்டைவிரல் சாய்ந்து நிற்பதால் அதைத் தனியாகக் காட்டுவது நல்லது. சூடு சுரீரென்றால் கையை வெளியே எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். பூச்சு தடிமனாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

4. டாப் கோட்டின் மேல் பிசுபிசுப்பு இருந்தால் ஆல்கஹாலால் துடைத்து, நகத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

விளக்கொளி தோலில் படுவதால், முன்கூட்டியே கையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூசச் சொல்லித் தோல் மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். விரல் நுனி திறந்த கையுறையும் உதவும்.

அரைகுறையாக இறுகினால்

முக்கியமான விஷயம் இதுதான். மேலே பளபளவென்று இருந்து, அடியில் இறுகாமல் நிற்கும் பூச்சில் அக்ரிலேட் அப்படியே இருக்கும். அது தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். விரல் நுனி சிவந்து அரிக்கும், கொப்பளிக்கும். கண் இமையில்கூடத் தெரியும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். பல் அடைக்கும் பொருளிலும், எலும்பு அறுவை சிகிச்சையில் பயன்படும் சிமெண்டிலும் இதே குடும்பப் பொருட்கள் இருப்பதால், பின்னாளில் சிகிச்சையிலும் தொல்லை வரலாம். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதையாகிவிடும்.

தடிமனாகப் பூசுவது, சக்தி குறைந்த சிறு விளக்கு, ஒரு கம்பெனி ஜெல்லுக்கு வேறு கம்பெனி விளக்கு ஆகியவையே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே ஜெல்லும் விளக்கும் சேர்ந்த செட்டாக விற்பதே நல்லது. தோலில் வழிந்தால் விளக்கில் வைக்கும் முன் துடைத்துவிட வேண்டும் என்பதையும், அரிப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொள்முதலில் கவனம்

ஒவ்வாமைக்கு அதிகம் காரணமாகும் 'ஹெமா' என்ற பொருள் உள்ள நகப்பூச்சை, தொழில்முறை அழகுக் கலைஞர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கட்டுப்படுத்தியது. ஒளித் தூண்டுபொருளான 'டி.பி.ஓ.'வை 2025 செப்டம்பர் 1 முதல் அழகு சாதனங்களில் தடையே செய்துவிட்டது. ஓரிடத்தில் விற்க முடியாத சரக்கு வேறிடத்தில் மலிவாக இறங்குவது நமக்குப் புதிதல்ல. வழக்கத்துக்கு மாறாக விலை குறைந்தால் காரணம் கேளுங்கள்.

உணவுப் பொட்டலத்தில் உரிம எண் பார்ப்பது போல இதிலும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் அழகு சாதன விதிகளின்படி, உள்நாட்டுச் சரக்கில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்தும் காலக்கெடு, சேர்மானங்கள் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கில் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். எடையளவுச் சட்ட விதிப்படி அதிகபட்ச சில்லறை விலையும் வேண்டும். எழுத்தே புரியாத பெட்டி எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டால் சொல்ல வேண்டியது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் கடமை. அப்போது கைகொடுப்பது பில் மட்டுமே.

நீக்குவதும் சரக்குதான்

ஜெல்லைச் சுரண்டியோ உரித்தோ எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். முழு நகம் புதிதாக வளர ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். மேற்பளபளப்பைத் தேய்த்துவிட்டு, அசிடோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் விட்டால் இளகி வரும். பஞ்சு, அலுமினியத் தாள், தேங்காய் எண்ணெய் மூன்றும் நம் கடையிலேயே இருக்கின்றன. அசிடோன் இல்லாத ரிமூவர் இதற்குப் பயன்படாது, பார்த்துக் கொடுங்கள்.

அசிடோன் சட்டென்று தீப்பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். கடையில் விளக்கேற்றும் இடம், கற்பூரம், தீப்பெட்டி அடுக்கு ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். தேயிலை வாசனையை இழுக்கும். அதன் பக்கத்திலும் வேண்டாம். அடுப்பங்கரையில் உட்கார்ந்து நகம் துடைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொல்லிக் கொடுக்க ஆளும் நேரமும் இல்லாத கடை, சாதாரண நெயில் பாலீஷோடு நிறுத்திக்கொள்வதில் நஷ்டமில்லை. சொல்லி விற்கக்கூடியவர் தாராளமாக விற்கலாம். அரிசி வாங்க நாளையும் நம் கடைக்கு வரப்போகும் கை அது. அந்தக் கைக்குத் தீங்கு வராமல் விற்போம்.