பரணில் கிடக்கும் பழைய மருந்துப் பாட்டில்: விலை பேசும் முன் யோசிக்க வேண்டும்

போகிப் பண்டிகை நெருங்கும்போது வீட்டுக்கு வெள்ளையடித்துப் பரணை ஒழிப்பது கிராமங்களில் வழக்கம். பழைய ஏர்க்கொழு, துருப்பிடித்த தெளிப்பான், உடைந்த பத்தாயப் பலகை ஆகியவற்றோடு, தக்கை அடைத்த ஒரு கண்ணாடிப் பாட்டிலோ தகர டின்னோ சில வீடுகளில் கீழே இறங்கும். தகப்பனார் காலத்தில் வாங்கி, பாதி பயன்படுத்தி, 'பிறகு உதவும்' என்று ஒதுக்கி வைத்த பூச்சிமருந்து அது. மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கரையான் அரித்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

வாசலில் காயலான் கடைக்காரர் தராசுடன் நிற்கிறார். பழங்காலப் பொருட்களைத் தேடி வாங்கும் வியாபாரிகளும் ஊர் ஊராக வருகின்றனர். மற்றப் பழைய சாமான்களோடு பாட்டிலும் கைமாறுகிறது. விற்றவருக்குக் கிடைப்பது சில ரூபாய்தான். ஆனால் அந்தப் பாட்டிலில் எஞ்சியிருக்கும் நஞ்சு, அதைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஆபத்தை விளைவிக்கக் கூடியது. இத்தகைய பாட்டில்களை ஏன் விற்கக் கூடாது, விற்காமல் என்ன செய்வது என்பதை விவசாயப் பெருமக்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

வீடுகளில் தங்கிவிட்ட மருந்துகள்

1960-களின் பிற்பகுதியில் உயர்விளைச்சல் நெல் இரகங்கள் பரவியபோது பூச்சிமருந்துகளும் கிராமத்துக்கு வந்தன. நெல்லுக்கும் பருத்திக்கும் என்ட்ரின், 'பாலிடால்' என்று அறியப்பட்ட பாரத்தியான், டி.டி.டி., ஊரில் 'கமாக்சின் தூள்' என்று சொல்லப்பட்ட பி.எச்.சி. 10 சதத் தூள் ஆகியவை புழக்கத்தில் இருந்தன. விதை நேர்த்திக்கும் கரும்புக் கரணை நேர்த்திக்கும் பாதரசம் கலந்த அக்ரோசான், செரசான், அகல்லால் போன்ற மருந்துகள் பயன்பட்டன.

சேமிப்புத் தானியத்துக்கு ஈ.டி.பி. ஆம்பியூல்கள் பரிந்துரைக்கப்பட்டன. சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்த எத்திலீன் டைபுரோமைடு என்னும் திரவம் அது. ஒரு குவிண்டால் தானியத்துக்கு 3 மில்லி என்ற கணக்கில், குப்பியைத் துணியில் சுற்றி உடைத்துத் தானியத்துக்குள் வைத்துக் குதிரைக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். பயன்படுத்தாமல் மிஞ்சிய குப்பிகள் மாடக்குழியிலும் தகரப் பெட்டியிலும் தங்கிவிட்டன.

இவற்றில் பலவற்றுக்குப் பின்னர் தடை வந்தது. டி.டி.டி. 1989-ல் விவசாயப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. என்ட்ரின் 1990-லும், பி.எச்.சி. 1997-லும், ஈ.டி.பி. 2001-லும் தடை செய்யப்பட்டன. எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. மிதைல் பாரத்தியானும், கடைசியாக எஞ்சியிருந்த பாதரச நேர்த்தி மருந்தும் 2018-ல் தடைக்கு உள்ளாயின. தடையால் கடைகளில் விற்பனை நின்றது. வீட்டுக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்தவை மட்டும் அப்படியே இருந்துவிட்டன.

பழசானால் வீரியம் போய்விடுமா?

'இருபது, முப்பது வருஷத்து மருந்து, வீரியம் எப்போதோ செத்துப் போயிருக்கும்' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. காலாவதி தேதி என்பது பூச்சியைக் கொல்லும் திறனுக்கு உற்பத்தியாளர் ஏற்கும் பொறுப்பின் எல்லை. மனிதனுக்கு உள்ள ஆபத்து அந்தத் தேதியோடு முடிந்துவிடுவதில்லை.

பாதரசமும் ஆர்செனிக்கும் தனிமங்கள். அவை எத்தனை ஆண்டு போனாலும் வேறு பொருளாகச் சிதைந்து மறைவதில்லை. என்ட்ரின், பி.எச்.சி., டி.டி.டி. ஆகியவை குளோரின் சேர்ந்த மருந்துகள். திறந்த மண்ணிலேயே பல ஆண்டுகள் நிலைத்திருக்கும் இவை, மூடிய பாட்டிலுக்குள் இன்னும் நெடுங்காலம் இருக்கும்.

சில மருந்துகள் பழசாகும்போது முன்னைவிடக் கொடியதாக மாறுவதும் உண்டு. 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 தொழிலாளர்களில் ஏறக்குறைய 2,800 பேர் நஞ்சினால் பாதிக்கப்பட்டனர். 5 பேர் இறந்தனர். மாலத்தியான் நச்சுத்தன்மை குறைந்த மருந்து என்று பெயர் பெற்றது. ஆயினும் அங்கே பயன்பட்ட சில சரக்குகளில் ஐசோமாலத்தியான் என்ற வேறு பொருள் உண்டாகியிருந்தது. வெப்பத்தில் வைத்திருக்கும்போது இது உருவாகக் கூடும். கோடையில் நம் ஓட்டு வீட்டுப் பரண் எவ்வளவு சூடேறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் கதை வேறு. 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரையிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் என்னும் கொடிய வாயு வெளிவரும். இதற்குக் காற்றிலுள்ள ஈரமே போதும். பழைய குழாயில் ஈரம் புகுந்திருந்தால் வாயு உள்ளே சேர்ந்திருக்கலாம். மூடியைத் திறக்கும்போது அது முகத்தில் அடிக்கும், தீப்பற்றவும் கூடும்.

பாட்டில் போகும் வழி

காயலான் கடைக்குப் போன பாட்டில் அங்கேயே நின்றுவிடுவதில்லை. முதலில் யாராவது ஒருவர் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கீழே கொட்டுகிறார். பெரும்பாலும் அவர் கையுறை இல்லாத கூலித் தொழிலாளி. கொட்டியது மழைநீரோடு வாய்க்காலுக்குப் போகிறது. பிறகு பாட்டில் தண்ணீரில் அலசப்படுகிறது. உடையாத நல்ல பாட்டில் மண்ணெண்ணெய்க்கோ, பினாயிலுக்கோ, தேனுக்கோ, சமையல் எண்ணெய்க்கோ மறுபடி பயன்படுகிறது.

அதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. முன்பு பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக அதிகாரிகள் கூறினர். அதற்கு வெகு முன்பே, 1958-ல், கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூச்சிமருந்துக்கென்று தனிச் சட்டம் 1968-ல் வந்ததற்கு இந்தச் சம்பவமே முக்கியத் தூண்டுதல்.

அழகான பாட்டில்களும் ஆபத்தும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைப் போன்ற இடங்களில் பழங்காலப் பொருட்களுக்கென்றே கடைகள் உள்ளன. பழைய பீங்கான் ஜாடி, கோலி சோடாப் பாட்டில், வண்ணக் கண்ணாடிக் குப்பி ஆகியவற்றை அலங்காரத்துக்கு வாங்குவோர் உண்டு. காலிப் பாட்டிலாக இருந்தால் இது நல்ல வியாபாரமே.

ஆனால் கருநீலம் அல்லது கரும்பச்சை நிறத்தில், பக்கங்களில் வரிவரியாக மேடு வைத்து வார்த்த பாட்டிலைக் கண்டால் எச்சரிக்கை வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நஞ்சுப் பொருட்களை அடைக்க இத்தகைய பாட்டில்களைச் செய்தார்கள். விளக்கு மங்கிய இரவில் கை தடவினாலும் 'இது விஷம்' என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த மேடு. 'உட்கொள்ளத் தக்கதல்ல' என்று ஆங்கிலத்தில் கண்ணாடியிலேயே வார்த்திருப்பதும் உண்டு. இன்று இவற்றைச் சேகரிப்போர் விரும்பி வாங்குகின்றனர். உள்ளே பொடியோ திரவமோ உப்புப் படிவமோ இருந்தால், அது ஆர்செனிக், பாதரச உப்பு, எட்டிக்கொட்டை நஞ்சு என எதுவாகவும் இருக்கலாம். 'பழைய சரக்கோடு இருந்தால் விலை கூடும்' என்று யாராவது ஆசை காட்டினாலும் கொடுக்கக் கூடாது. விற்பதற்காக வீட்டில் திறந்து காலி செய்யவும் கூடாது.

கழுவிக் கொடுத்தால் போதாதா?

போதாது. ஈராக் நாட்டில் 1971-72-ல் நடந்தது இதற்குப் பெரிய பாடம். விதைப்புக்காகப் பாதரச மருந்து நேர்த்தி செய்து, எச்சரிக்கையாகச் சாயமும் ஏற்றிய கோதுமை அங்கே விவசாயக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. சிலர் தானியத்தைக் கழுவினார்கள். சாயம் போனது. நஞ்சும் போய்விட்டது என்று எண்ணி ரொட்டி சுட்டுத் தின்றார்கள். 6,530 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், 459 பேர் அங்கேயே இறந்தனர். நிறமும் வாசனையும் போவதை வைத்து நஞ்சு போயிற்று என்று முடிவு செய்ய முடியாது.

இன்று வயலில் தெளித்து முடித்தவுடன் காலிப் பாட்டிலை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றி, பாட்டிலில் ஓட்டை போட்டுவிட வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. அது பெயர் தெரிந்த, அன்றே காலியான மருந்துக்கு உரிய முறை. என்னவென்று தெரியாத பழைய மருந்துக்கு இது பொருந்தாது. அலசிய நீரை ஊற்ற இடமில்லாமல் அது கிணற்றையோ குட்டையையோ போய்ச் சேரும்.

என்ன செய்ய வேண்டும்?

1. பாட்டிலைத் திறக்கவோ, முகரவோ, குலுக்கவோ, வேறு பாட்டிலுக்கு மாற்றவோ கூடாது. குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்பால் அனுப்பிவிட வேண்டும்.

2. கையுறை அணிந்து, பாட்டிலை நிமிர்த்தியபடியே மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, சுற்றிலும் காய்ந்த மணலை நிரப்ப வேண்டும். கசியும் டின்னையும் அப்படியே வாளிக்குள் வைத்துவிடலாம். ஈ.டி.பி. திரவம் தோலைப் புண்ணாக்கும், ரப்பர் கையுறையையும் ஊடுருவும். எனவே உடைந்த ஆம்பியூலைத் தொடாமல், கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

3. அலுமினியம் பாஸ்பைடு என்று தெரிந்தாலோ சந்தேகம் இருந்தாலோ தண்ணீர் படவே கூடாது. இதை வாளிக்குள் அடைக்காமல், மழை நனையாத, காற்றோட்டமான வெளிக்கொட்டகையில் தனியே வைக்க வேண்டும்.

4. சிந்தியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. காய்ந்த மண்ணைத் தூவி, ஊறிய பின் தகட்டால் வாரி, மூடியுள்ள டின்னில் அடைக்க வேண்டும்.

5. வாளியின் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதி, மிஞ்சியுள்ள பெயர்ச்சீட்டில் தெரியும் எழுத்துகளையும் குறித்து வைக்க வேண்டும். சாய்சதுரக் குறியின் கீழ்ப் பாதி சிவப்பாக இருந்தால் அது மிகக் கொடிய வகை.

6. வாளியைக் குடியிருக்கும் வீட்டுக்கும் தானிய அறைக்கும் கிணற்றுக்கும் தள்ளிப் பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

7. எரிக்கக் கூடாது. போகி நெருப்பில் போட்டால் அடைத்த பாட்டில் வெடிக்கும். புகையும் நஞ்சு. புதைத்தால் நிலத்தடி நீரில் கலக்கும். உடைத்துப் புதைக்கச் சொன்ன பழைய அறிவுரை காலிக் கலங்களுக்கே உரியது.

8. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உள்ள உதவி வேளாண்மை அலுவலரிடம் தகவல் தர வேண்டும். பேருந்தில் மடியில் வைத்து எடுத்துப் போவது கூடாது.

சட்டம் சொல்வது

1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பூச்சிமருந்து விற்பது குற்றம். சொந்த வயலில் பயன்படுத்தும் விவசாயிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் மருந்தோடு கூடிய பாட்டிலை விற்பது இந்த விலக்குக்குள் வராது. அதிலும் தடை செய்யப்பட்ட மருந்தாக இருந்தால் விற்றவருக்குத் தொல்லை அதிகம். 'பாட்டிலைத்தான் விற்றேன், மருந்தை விற்கவில்லை' என்ற பதில் எடுபடாது.

நஞ்சு பட்டுவிட்டால்

தோலில் பட்டால் உடையைக் களைந்து, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது சுத்தமான நீரால் அலச வேண்டும். உட்கொண்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவோ, எண்ணெயோ பாலோ புகட்டவோ கூடாது. வாயு தாக்கியவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். வியர்வை பெருகுதல், எச்சில் வடிதல், கண்பாவை சுருங்குதல், மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். பாட்டிலின் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்தோ எழுதியோ மருத்துவரிடம் காட்டினால், எந்த முறிவு மருந்து தருவது என்று அவர் விரைவில் முடிவு செய்ய முடியும்.

ஊர் கூடிச் செய்யலாம்

இத்தகைய கழிவை முறைப்படி அழிப்பதற்கென்றே கும்மிடிப்பூண்டியில் நிலையம் உள்ளது. ஆனால் ஒரு சிறு விவசாயி அரை லிட்டர் என்ட்ரினைத் தானே அங்கே கொண்டு சேர்க்க முடியாது. ஊர் சேர்ந்தால் முடியும். எந்தெந்த வீட்டில் என்ன பாட்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். போகி முடிந்த பத்துப் பன்னிரண்டு நாளில், ஜனவரி 26-ல், கிராம சபைக் கூட்டம் வருகிறது. பழைய பூச்சிமருந்துகளைச் சேகரித்து அகற்றித் தருமாறு மாவட்ட ஆட்சியரையும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தையும் கேட்டு அங்கே தீர்மானம் போடலாம். வேளாண்மைத் துறை அலுவலரிடமும் பட்டியலின் நகலைக் கொடுத்து வைக்கலாம்.

அதுவரை பாட்டில் மூடியபடி, மணல் வாளிக்குள், பூட்டிய இடத்தில் இருக்கட்டும். காயலான் கடைக்காரர் கேட்டால், உள்ளே இருப்பது விஷம் என்று அவருக்கும் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த வீட்டில் அதே போன்ற பாட்டிலை அவர் வாங்காமல் இருக்க அது உதவும்.