கிணற்று உப்பு எங்கிருந்து வந்தது?

குருவிட்டவில் நாங்கள் பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். உப்புத் தண்ணீரே தெரியாது. 1977 கலவரத்துக்குப் பின் பெரியப்பா குடும்பம் வன்னிக்குப் போனது. அங்கிருந்து அக்கா வலிகாமத்தில் வாழ்க்கைப்பட்டார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, பல வருடங்கள் கழித்துச் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது கிணறு உவர்த்திருந்தது. கடல் ஏறிவிட்டது என்றார்கள் சிலர். இல்லை, மலசலகூடக் குழிதான் என்றார்கள் வேறு சிலர்.

இதே கேள்வி எண்ணெய்க் கிணறுகளிலும் எழுவதுண்டு. மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில், அழுத்தம் குறையாதிருக்க 1984 முதல் கடல்நீரை உள்ளே செலுத்துகிறார்கள். இப்படியான வயல்களில் எண்ணெயோடு தண்ணீரும் வரத் தொடங்கினால், அது செலுத்திய கடல்நீரா, பாறைக்குள் ஆதியிலிருந்தே கிடந்த நீரா என்று பார்க்க வேண்டும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேற்று இருக்கும். பாறை நீரில் பெரும்பாலும் சல்பேற்று குறைவு, பேரியம் இருக்கலாம். இரண்டும் கலந்தால் கல்போலப் படிந்து குழாயை அடைத்துவிடும். எந்தச் சாயமும் ஊற்றத் தேவையில்லை, நீரே அடையாளத்தைச் சுமந்து வருகிறது.

நம் கிணற்றுக்கு உதவும் அடையாளம் புரோமைட்டு. கடல்நீரில் குளோரைட்டு அதைப்போல ஏறத்தாழ 290 மடங்கு. மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. ஆனால் ஆனையிறவு போன்ற உப்பளத்தில் உப்பு விளையும்போது புரோமைட்டின் பெரும்பகுதி எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. அந்த உப்பைத்தான் நாம் கறியில் போடுகிறோம், பிறகு அது குழிக்குப் போகிறது. அதனால் கழிவுநீரில் விகிதம் பொதுவாகக் கூடும், நைத்திரேற்றும் சேர்ந்து வரும். தோட்டத்து உரமும் இதேபோலக் காட்டக்கூடும் என்பதால் அயலில் என்ன பயிர் என்றும் பார்க்க வேண்டும்.

கடல் என்றால் இறைப்பைக் குறைக்க வேண்டும். குழி என்றால் குழியைத் திருத்த வேண்டும். வெறும் உப்பு அளவு மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்: மாரி முடிந்ததும் ஒரு போத்தல், கடும் கோடையில் ஒரு போத்தல் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள் என்று. அதுவரை பேத்திக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினாலும் அது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.