பால் குடிக்க முடியாத பாப்பா!

"என் பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறது. நாலு வாய் சப்புகிறது. உடனே தூங்கிப் போகிறது. எழுப்பிக் கொடுத்தால் புரை ஏறுகிறது!"

தாய் இப்படிச் சொல்லிக் கண் கலங்குகிறாள்.

பாட்டி பாலாடையை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

"எல்லாம் அடம். காலில் போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்று. தானாக விழுங்கும்!" என்கிறாள்.

பாட்டிக்குப் பேரன் மீது கொள்ளை ஆசை. ஆனால் அவள் சொல்லும் முறை, பேரனின் உயிருக்கே ஆபத்து!

ஏன் தெரியுமா?

ஒரே தொண்டை, இரண்டு வழி

தொண்டையில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று இரைப்பைக்குப் போகிறது. அது உணவுக் குழல். மற்றொன்று நுரையீரலுக்குப் போகிறது. அது மூச்சுக் குழல்.

நாம் விழுங்கும்போது மூச்சுக் குழலின் வாசல் மூடிக்கொள்கிறது. அந்த ஒரு நொடி மூச்சு நிற்கிறது. விழுங்கி முடிந்ததும் வாசல் திறக்கிறது.

பாப்பாவுக்கு மூன்று வேலைகள். சப்ப வேண்டும்; விழுங்க வேண்டும்; மூச்சு விட வேண்டும். மூன்றும் தாளம் தப்பாமல் நடக்க வேண்டும்.

மூக்கைப் பிடித்தால் என்ன ஆகும்? பாப்பா வாயால் மூச்சை இழுக்கும். வாயிலோ பால் இருக்கிறது! மூச்சோடு பாலும் நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சுத் திணறும். நிமோனியா வரும். உயிரே போனாலும் போகலாம்.

எனவே, மூக்கைப் பிடிக்காதீர்கள். மல்லாக்கப் போட்டு ஊற்றாதீர்கள். அழும் வாயில் ஊற்றாதீர்கள். பால் குடிக்காத குழந்தை அடம் பிடிக்கவில்லை. அதனால் முடியவில்லை, அவ்வளவுதான்!

முந்திப் பிறந்த குழந்தை

வயிற்றில் 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. சப்பி, விழுங்கி, மூச்சு விடும் அந்தத் தாளம், சுமார் 34 வாரத்தில்தான் கைகூடுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தையால் மார்பில் பால் குடிக்க இயலாமல் போவது இயற்கை.

மிகச் சிறிய குழந்தைக்கு, மூக்கு அல்லது வாய் வழியாக மெல்லிய குழாய் போட்டுப் பால் கொடுப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்தக் குழாயில் தாய்ப்பாலையே கொடுக்கலாம். கையால் பீய்ச்சி எடுத்துக் கொடுத்தால் போதும்.

பாலாடையின் பெருமை

கொஞ்சம் வளர்ந்ததும் என்ன செய்வார்கள்? இங்கேதான் பாட்டி ஜெயிக்கிறாள்!

மூக்கு நீண்ட அந்தப் பாலாடைதான், நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க உதவுகிறது. ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் அதன் பெயர் 'பாலாடை'தான்!

பாத்திரம் நல்லது. ஊற்றும் முறைதான் மாற வேண்டும். டாக்டர் பாலாடையில் கொடுக்கச் சொன்னால், நர்சிடம் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். முறை இதுதான்:

பாலாடையை 10 நிமிடமாவது கொதிநீரில் போட்டு எடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குழந்தை விழித்திருக்க வேண்டும். மடியில் தலையையும் கழுத்தையும் தாங்கி, பாதி உட்கார்ந்த நிலையில் பிடியுங்கள்.

பாலாடையின் நுனியை உதட்டோரத்தில் வையுங்கள். சிறிது சாயுங்கள். கொஞ்சம் பால் போனதும் நிறுத்துங்கள். விழுங்கட்டும், மூச்சு விடட்டும். பிறகு அடுத்தது.

தூங்கிவிட்டால் உள்ளங்காலை மெல்ல வருடுங்கள். இருமினால் உடனே நிறுத்துங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் போராடாதீர்கள். முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள்.

மூக்கு வழியே பால் வருகிறதா?

அப்படியானால் டாக்டரிடம் சொல்லி, குழந்தையின் மேல் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உதட்டுப் பிளவு கண்ணில் படும். அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால், வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

அண்ணம் பிளந்த குழந்தையால் பாலை உறிஞ்ச முடியாது. ஓட்டைக் குழலில் இளநீர் உறிஞ்ச முடியுமா? அதுபோலத்தான். நிமிர்த்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். காற்றையும் சேர்த்து விழுங்குவதால், அடிக்கடி ஏப்பம் விட வைக்க வேண்டும்.

"கிரகணத்தன்று வெளியே வந்தாள். அதுதான் இப்படி!" என்று தாயைத் தூற்றுவோர் உண்டு. அது தவறு. உலகில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆபரேஷனில் சரி செய்துவிடலாம். உதட்டுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதத்துக்குள். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ஆனால் ஆபரேஷனுக்கு எடை ஏற வேண்டும். எடை ஏறப் பால் உள்ளே போக வேண்டும்!

காத்திருக்கக் கூடாத நேரம்

பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து இளைக்கிறதா? இதயக் கோளாறாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு வாரம் கழிந்த குழந்தை நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். குறைந்தால் பால் போதவில்லை என்று பொருள்.

உதடு நீலம் பாய்ந்தால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், குழந்தை பாலே தொடாமல் துவண்டு கிடந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

பாட்டியோடு சண்டை வேண்டாம். பாலாடையை அவள் கையிலேயே கொடுங்கள். பேரனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளட்டும். சொட்டுச் சொட்டாக ஊட்டட்டும்.

மூக்கை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்!